லோகேஸின் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை

போன வாரம் ஒரு போன்.

"தங்கச்சி, நீங்கதானே பேப்பர்ல எழுதுறது? முன்ன ஜாசின்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தீங்களே?"

வைத்திருந்தேன். சைபர் கஃபே. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்களெல்லாம் கேம் விளையாடி, கீபோர்டில் மீ கோரெங் நூடுல்ஸைக் கொட்டி, என் பொறுமையைத் தின்று தீர்த்த கடை. எல்லார் கையிலும் போன் வந்தது, கடை போனது. இதை ஒரு தடவை இந்தப் பத்தியில் எழுதித் தொலைத்தேன். அன்று பிடித்தது வினை. எனக்கு வருகிற போன்களில் பாதி என் எழுத்தைப் பற்றி இல்லை. "பிரிண்டர் பேப்பரைக் கடிக்குது, என்னா செய்ய?" என்று கேட்கத்தான் வருகின்றன.

"என்னாண்ணே ரோசாக்? எது கெட்டுப் போச்சு?" என்றேன். குரலில் எரிச்சல் தெரிந்திருக்கும். மறைக்கவும் இல்லை.

"பையனோட கம்ப்யூட்டர். தெறக்க மாட்டேங்குது."

"அப்ப பையனையே பாக்கச் சொல்லுங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாததா?"

"பையன் தவறிட்டான் தங்கச்சி."

என் வாய் இருக்கிறதே... கம்ப்யூட்டருக்கு வைத்த மாதிரி அதற்கும் பின்னால் ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். அட்ரஸ் வாங்கிக்கொண்டேன். மறுநாள் மதியம் ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கி காரில் போட்டுக்கொண்டு சுங்கை ரம்பாய்க்குக் கிளம்பினேன். வழி நெடுக செம்பனைத் தோட்டம். வேறு கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் ஒத்துக்கொண்டேன் என்று எனக்கே கோபம்.

அண்ணன் பெயரை பெருமாள் என்று வைத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். அவர் மனைவி, சரோஜா அக்கா. ஒரே மகன் லோகேஸ். மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தவன். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது லோரியில் மோதிவிட்டான். வருஷத் திதி நெருங்குகிறது.

"நினைவுக் கார்டு அடிக்கணும் தங்கச்சி. போன் ஆக்சிடென்ட்லயே நொறுங்கிப் போச்சு. நல்ல படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்" என்றார் பெருமாள் அண்ணன்.

ஆக, படம் வேண்டும். வேலை புரிந்துவிட்டது.

புரியாதது வேறொன்று. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்ட வீட்டின் சூடு இல்லை அது. ரொம்ப நாளாக அடுப்பு மூட்டாத வீட்டின் குளிர்.

"அந்தச் சின்ன டார்ச்லைட் எங்கன்னு அக்காகிட்ட கேளுங்க" என்கிறார் அண்ணன் என்னிடம். அக்கா அவருக்கு இரண்டடி தள்ளி நிற்கிறார்.

"அலமாரியில இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு" என்கிறார் அக்கா. அதுவும் என்னிடம்.

நான் என்ன தபால்காரியா? வாய்விட்டுக் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு லோகேஸின் அறைக்குள் போனேன்.

சின்ன அறை. கட்டில், மேசை, மேசைமேல் மானிட்டர், பக்கத்தில் சிபியு. கேம் விளையாடுகிற பையன்கள் ஆசை ஆசையாகப் பொறுக்கி வாங்குவார்களே, அந்த ரகம். பக்கவாட்டில் கண்ணாடி, முன்னால் பெரிய காத்தாடிகள், சூடு வெளியேற மேலே முழுக்க வலை. தூசி இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள். மகனின் மாலை போட்ட படம் கட்டிலில் கிடந்தது. நான் வருகிறேன் என்று அண்ணன் எங்கிருந்தோ எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்.

ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்கு என் வைத்தியம் எப்போதும் வெளியிலிருந்துதான் தொடங்கும். கஃபே நடத்திய காலத்தில் பட்ட பாடு கற்றுக்கொடுத்தது அது. பாதிக்குப் பாதி கோளாறு கம்ப்யூட்டரிலேயே இருக்காது, சுவரில் இருக்கும். வீட்டு மேசைக் காத்தாடியைக் கொண்டுவரச் சொல்லி அதே சுவர் பிளக்கில் மாட்டினேன். சுற்றியது. எக்ஸ்டென்ஷனில் மாட்டினேன். சுற்றியது. பிளக்கின் மூடியைக் கழற்றி ஃபியூஸை மாற்றிப் பார்த்தேன். சிபியுவின் பின்பக்கம் இருக்கிற சின்ன சுவிட்ச் — நிறைய பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, வீடு கூட்டும்போது தட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள் — அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஒயரை மாற்றினேன். பொத்தானை அமுக்கினேன்.

ஒன்றுமில்லை. ஒரு 'டிக்'கூட இல்லை.

"எப்பக் கடைசியா ஓடுச்சு?"

"ரெண்டு மூணு மாசம் முந்தி ஓடுச்சு" என்றார் அண்ணன்.

"யாரு தெறந்தா? அவன்தான்..."

அண்ணன் மேசைக் காத்தாடியின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். அக்கா சமையலறைக்குப் போய்விட்டார்.

கண்ணாடியைக் கழற்றினேன். டார்ச் அடித்தேன். உடனே தெரிந்துவிட்டது. மதர்போர்டின் மேல்பாகத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பழைய கார் பேட்டரியின் முனையில் பூக்குமே, அதே மாதிரி. அதிலிருந்து துருப்பிடித்த ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது. தண்ணீர். ஒரு நாள் கொட்டிய தண்ணீர் இல்லை. நிறைய நாள் இறங்கிய தண்ணீர். இதில் கொடுமை என்னவென்றால், பொத்தானை அணைத்தாலும் சுவரில் பிளக் இருக்கும்வரை போர்டில் கொஞ்சம் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஈரமும் கரண்டும் சேர்ந்தால் போர்டை உட்கார்ந்து அரித்துவிடும்.

"யார் இதுல தண்ணி கொட்டினது?"

கஃபேயில் பையன்களை அதட்டிய அதே குரல். வந்துவிட்டது, என்ன செய்ய?

"யாரும் கொட்டலையே" என்றார் அண்ணன். சமையலறையிலிருந்து அக்காவும் அதையேதான் சொன்னார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் ஒத்த கருத்து.

கூரையைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. ஜன்னல் எட்ட இருந்தது, சாரல் அடிக்க வழியில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது தண்ணீர்? பிடிபடவில்லை. சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். அது கீழ்த்தட்டில் இருந்ததால் ஈரம் படவில்லை. என் லேப்டாப்பில் மாட்டினேன். திறந்தது.

பெருமாள் அண்ணன் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இந்தப் பையன்கள் என்னதான் படம் எடுப்பார்களோ! கேம் ஜெயித்த ஸ்கிரீன். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய். ஒரு தட்டு நாசி லெமாக். யார் வீட்டுப் பூனையோ ஒன்று. மறுபடியும் புகைக்குழாய், வேறு பக்கத்திலிருந்து. அவன் முகம் இருக்கிற படம் தேடினால்தான் கிடைக்கிறது. கிடைத்ததிலும் பல, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி.

"ஹெல்மெட் போடாத படமா இருக்கான்னு பாருங்க தங்கச்சி" என்றார் அண்ணன்.

ஒன்று இருந்தது. யாரோ கல்யாணத்தில், பட்டன் சரியாகப் போடாத நீலச் சட்டையில், யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது போதும்" என்றார். எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பையைக்கூட மூடப்போனேன்.

அப்போது சரோஜா அக்கா உள்ளே வந்தார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர். தே ஓ ஐஸ் லீமாவ், பால் சேர்க்காத எலுமிச்சைத் தேநீர். நிறைய ஐஸ், ஒரு துண்டு எலுமிச்சை.

எனக்குத்தான் என்று நீட்டிய கையை நல்லவேளை பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த மகனின் படத்தை எடுத்தார். சிபியுவின் மேல் நிறுத்தினார். அதன் முன்னால், அந்த வலைமேல், டம்ளரை வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

நம் வீடுகளில் செய்வதுதானே? போனவருக்குப் பிடித்ததைப் படத்துக்கு முன்னால் வைப்போம். கருமாதி வரைக்கும் வைப்போம், அப்புறம் திதிக்கு வைப்போம். அக்கா கருமாதியோடு நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம், அவன் வேலை விட்டு வருகிற நேரத்துக்கு, வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஹாலில் சாமி மேடைக்குக் கீழே வைக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவன் உட்கார்கிற இடம் இதுதான் என்று இங்கேயே வைத்துவிட்டார்.

டம்ளர் வேர்க்கத் தொடங்கியது. நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் டம்ளர் எத்தனை நேரம் தாங்கும்? வெளிப்பக்கம் முத்து முத்தாகப் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து, வலைக்குள் இறங்கியது. ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று.

யாரும் எதையும் கொட்டவில்லை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

நான் அந்தச் சொட்டுகளைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார். முகம் மாறியது.

"நான் வச்ச தண்ணியா?"

"சேச்சே. கடல் கிட்டக்க இருக்கில்லக்கா, உப்புக் காத்து. எல்லா வீட்லயும் இப்படித்தான் போகுது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் யோசித்துப் பேசியது. ஆனால் பேச்சு அங்கேயே நின்றால் மறுபடி கேட்பார். எதையாவது செய்ய வேண்டும். செய்தேன்... செய்யாமல் இருந்திருக்கலாம்.

"போர்டு ஒண்ணுதான்க்கா போச்சு. பவர் சப்ளை நல்லா இருக்கு. பாருங்க, காட்டுறேன்."

டம்ளரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். போர்டுக்குப் போகிற பெரிய ஒயரைப் பிடுங்கினேன். பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்து, பச்சை ஒயரின் துளையிலும் கறுப்பு ஒயரின் துளையிலும் சொருகினேன். பவர் சப்ளை உயிரோடு இருக்கிறதா என்று கடைக்காரர்கள் பார்க்கிற வழி இது. தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். சுவரில் சுவிட்சைப் போட்டேன்.

காத்தாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கின. மலிவுக் காத்தாடிகள், நேராகப் பவர் சப்ளையிலிருந்தே கரண்ட் எடுப்பவை. உள்ளேயிருந்த சிவப்பு விளக்குகள் எரிந்தன. அந்தச் சின்ன அறை முழுக்க 'ஹூம்...' என்று இரைச்சல்.

சரோஜா அக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் சத்தம்தான்" என்றார். "வேலை விட்டு வந்ததும் இதைத்தான் மொதல்ல தெறப்பான். சட்டையைக்கூட அப்புறந்தான் கழட்டுவான். நான் குசினில சமைச்சிக்கிட்டு நிப்பேன். செவுத்துக்கு அந்தாண்ட இந்தச் சத்தம் கேட்டா, பிள்ளை வீட்டுக்கு வந்துட்டான்னு அர்த்தம்."

அவன் போன பிறகும் தினமும் சாயங்காலம் அக்காதான் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். பாஸ்வேர்டு தெரியாது. தேவையும் இல்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமைத்திருக்கிறார். ஒருநாள் அமுக்கியபோது சத்தம் வரவில்லை.

"படம் அவருக்குத்தான் வேணும். எனக்குப் படம் வேணாம் லா. இதை இப்படியே விட்டுட்டுப் போ."

"முடியாதுக்கா. இது டெஸ்ட்டுக்குச் செய்யறது. இப்படியே விட்டா தீப்பிடிச்சிடும்."

"ஓடுதே."

"ஓடுது. காத்தாடி மட்டுந்தான்க்கா ஓடுது. உள்ள ஒண்ணும் இல்ல."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரும் இதையேதான் சொன்னாங்க" என்றார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆக்சிடென்ட் என்றால் அங்கேயே போய்விட்டான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மிஷினில் கிடந்திருக்கிறான்.

"நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. கையைத் தொட்டா சூடா இருக்கு. மிஷின்தான் மூச்சு விடுது, உள்ள ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்றாங்க. மிஷினை நிறுத்திடலாமான்னு கேட்டாங்க, இவர் சரின்னுட்டாரு. நான் வேணாம் வேணாம்னு கத்திக்கிட்டு வெளிய ஓடிட்டேன்." அக்காவின் குரல் ஏறவே இல்லை. பாசாரில் மீன் விலை சொல்வது போலச் சொன்னார். "உனக்குப் பொய் சொல்ல வரல. உப்புக் காத்துன்னா இத்தனை வருஷம் ஓடிருக்குமா? அவனை அவர் அமத்துனாரு. இதை நான் அமத்திட்டேன். கணக்கு சரியாப் போச்சு."

வாசலில் பெருமாள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தப் பென்டிரைவ். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. ஒரு பேப்பர் கிளிப்பை வைத்து நான் செய்த காரியத்தைப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வந்த நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி வார்டையே கொண்டுவந்து இந்த அறைக்குள் வைத்துவிட்டேன். சுவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நிறுத்துனப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

என் மூலமாக இல்லை. நேராக அவரிடம்.

"உள்ளதான் இருந்தேன்" என்றார் அண்ணன்.

"சைன் போட்டுட்டு வந்துட்டீங்கன்னு நெனைச்சேன்."

"இல்ல. அவன் கையைப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

காத்தாடிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அக்காவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

"கை சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு. நின்ன பிறகும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. தனியா போகலை சரோஜா. நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன்."

"என்னா பேசுனீங்க?"

அண்ணன் கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தார். "அம்மா வெளியதான் இருக்கா, பயப்படாதன்னு சொன்னேன்."

அக்காவின் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே."

அது குற்றச்சாட்டு இல்லை. அவர் சொன்ன விதத்தில் அது வெறும் தகவல். கிட்டத்தட்ட ஒரு வருஷம்... ஒரே கூரை, ஒரே அடுப்பு. மகன் தனியாகப் போனான் என்று ஒருத்தி தினம் தினம் நினைத்துச் செத்திருக்கிறாள். தனியாகப் போகவில்லை என்று தெரிந்தவர் அடுத்த அறையில் படுத்திருக்கிறார்.

அக்கா என் கையை விட்டார். எழுந்தார். சிபியுவின் மேல், காற்று வெளியேறுகிற வலைமேல், உள்ளங்கையை விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் குனிந்து சுவர் சுவிட்சை அவரே அணைத்தார்.

சிவப்பு விளக்கு போனது. காத்தாடிகள் உடனே நிற்கவில்லை. வேகம் குறைந்து, ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்து, அப்புறம் நின்றன. அவ்வளவு நேரம் அந்த இரைச்சலில் கேட்காத அக்காவின் அழுகை அப்போதுதான் கேட்டது. பெருமாள் அண்ணன் உள்ளே வந்து கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். திறந்து போட்ட கண்ணாடியை மாட்டக்கூட இல்லை. என் தொழிலில் அது பெரிய தப்பு.

இரண்டு நாள் கழித்து சரோஜா அக்காவே போன் செய்தார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேரை மட்டும் மாத்திடு" என்றார். வீட்டில் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கு. சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் அழுவுறோம்" என்றார். முன்பு தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இப்போது 'ரெண்டு பேரும்' என்கிறார்.

இந்த வாரம் ஆன் ஆகாத கம்ப்யூட்டருக்கு டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிளக்கைப் பாருங்கள், ஃபியூஸைப் பாருங்கள், பின்பக்க சுவிட்சைப் பாருங்கள். இவ்வளவுதான் என் டிப்ஸ்.

உங்கள் வீட்டில் எதுவும் ரோசாக் ஆகவில்லையா? அப்படியென்றால் என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை — வீட்டில் இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டியதை நீங்களே போய்க் கேட்டுவிடுங்கள்.